எண்பது பக்க நோட்டு

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, ஓர் இரவும் அதைத் தொடரும் காலையும் நான் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டிருப்பேன். இரவு சரியாக 8 மணிக்கு, என் மனநலச் சிகிச்சைக்கான லித்தியம் மாத்திரைகளை விழுங்கிவிட்டு, மறுநாள் காலை 8 மணிக்கு லேப் நாற்காலியில் கையை நீட்டியபடி உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசி மாத்திரைக்கும் ரத்தம் எடுப்பதற்கும் இடையே 12 மணி நேரம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. சீக்கிரம் எடுத்தால் ரத்தத்தில் உள்ள லித்தியத்தின் எண்ணைக் கூடுதலாகவும், தாமதமாக எடுத்தால் குறைவாகவும் காட்டும். இரண்டுமே மருத்துவரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். ஊசி குத்தும் பெண் ஒவ்வொரு முறையும் "வெறும் வயிறா டீச்சர்?" என்று கேட்பாள். "சாப்பிட்டுட்டுதான் வந்தேன், இதுக்கு அது பரவாயில்லம்மா. நேத்து ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரை போட்டேன்னு மட்டும் சீட்டுல எழுதிக்கோ" என்பேன்.

மாலையில் முடிவு வந்ததும் அதை ஒரு 80 பக்க நோட்டில் எழுதி வைப்பேன். தேதி, லித்தியத்தின் அளவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், தைராய்டு, உடல் எடை, எத்தனை மாத்திரை, அந்த மாதம் எப்படி இருந்தேன் என்பதற்கு ஒரே ஒரு வரி. 2010 செப்டம்பரில் தொடங்கிய அந்த நோட்டின் அட்டை இரண்டு முறை கிழிந்து, பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுக்குப் போடுவதுபோலப் பழுப்புத் தாள் போட்டிருக்கிறேன். கணக்கு ஆசிரியையான எனக்கு எண்களைப் பார்த்தால் மனம் அடங்கும். ஆனால் இந்த நோட்டில் இருக்கும் எண்கள் எதையும் நான் தனியாகப் படித்துப் புரிந்துகொண்டதில்லை. எதிரில் ஒரு மருத்துவர் இருந்து, "போன தடவை என்ன இருந்துச்சு, இப்போ ஏன் கூடியிருக்கு?" என்று கேட்டபோதுதான் அவற்றுக்குப் பொருள் வந்தது. 15 ஆண்டுகளாக என்னைக் காத்தது மாத்திரை மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மாத்திரையை என் உடலுக்கும் வயதுக்கும் வாழ்க்கைக்கும் தக்கபடி திரும்பத் திரும்பப் பொருத்திக்கொண்டே இருந்த அந்தச் சந்திப்புகளைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

என் ஊர் தூத்துக்குடி. 2010ல் எனக்கு 26 வயது. ஆடி மாதத்துக் காற்றடிக்கும் நாட்களில் எனக்குத் தூக்கம் குறைந்தது. குறைந்ததை நான் குறையாக உணரவில்லை. இரவு 2 மணிக்கு எழுந்து பத்தாம் வகுப்புக்குப் புதிய கணக்குப் புத்தகம் ஒன்றை எழுதத் தொடங்கினேன். ஒரே வாரத்தில் சம்பளம் முழுவதற்கும் வெள்ளைத் தாளும் பேனாவும் வாங்கினேன். வகுப்பில் நான் பேசிய வேகத்தில் பிள்ளைகள் பயந்தார்கள். ஐந்தாம் நாள் நான் கொஞ்சமும் தூங்கவில்லை. தலைமையாசிரியை வீட்டுக்கு ஆள் அனுப்பினார். "ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று உறவில் மூன்று பேர் சொன்னார்கள். அம்மா மறுத்துவிட்டார். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோன செய்தியை அம்மா மறந்திருக்கவில்லை. "என் பிள்ளையை நான் எங்கேயும் கட்டிப் போட விடமாட்டேன்" என்று சொல்லி, அப்பாவையும் அழைத்துக்கொண்டு, திருநெல்வேலியில் இருந்த ஒரு மனநல மருத்துவரிடம் என்னைக் காரில் கொண்டுபோனார். 19 நாட்கள் உள்நோயாளியாக இருந்தேன். அந்த முடிவை எடுத்ததற்காக இன்றுவரை அம்மாவுக்கு நன்றி சொல்லித் தீரவில்லை.

நோயின் பெயர் இருமுனை மனநிலைக் கோளாறு என்று மருத்துவர் எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார். எழுச்சி ஒரு முனை, சோர்வு மறுமுனை. எழுச்சியைத் தணிக்க முதலில் ஓலன்சபின் கொடுத்தார்; அதை மூன்று மாதங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதாகவும், லித்தியம் மட்டும் நீண்ட காலம் தொடரும் என்றும் சொன்னார். லித்தியம் ஒரு தனிமம், அதன் உப்பைத்தான் மாத்திரையாகத் தருகிறோம் என்று அவர் விளக்கியபோது, உப்பளத்தில் 31 ஆண்டுகள் கணக்கப்பிள்ளையாக இருந்த அப்பா முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் வேலை செய்யும், அதற்குக் கீழே பயன் குறையும், 1.5ஐத் தாண்டினால் நஞ்சு என்றார் மருத்துவர். "அப்போ எங்க பாத்தி மாதிரிதான் சார்" என்றார் அப்பா. அளத்தில் உப்புநீரின் அடர்த்தியை மிதவைக் கருவியை விட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கருவி காட்டும் அடர்த்தி 25 டிகிரிக்கு வந்தால் உப்பு படியத் தொடங்கும். 29ஐத் தாண்டவிட்டால் கசக்கும் உப்புகள் சேர்ந்துவிடும், அதற்குள் அந்த நீரை வெளியேற்றிவிட வேண்டும். "வெயில் ஒரே மாதிரி இருக்காது, காத்து ஒரே மாதிரி இருக்காது, அதனால தினமும் போய்ப் பாக்கணும்" என்றார் அப்பா. மருத்துவர் சிரித்துக்கொண்டே, "நீங்க சொல்றதுதான் சரி, இவங்களையும் நான் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார். அவர்கள் இருவரும் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, வந்த நாளிலிருந்து அப்போதுதான் அச்சம் சற்றுக் குறைந்தது.

பின்னாட்களில் இந்த மருந்தின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, அளந்து பார்ப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இன்னும் ஆழமாகப் புரிந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஜான் கேட் என்ற மருத்துவர், எழுச்சி நிலையில் இருந்த நோயாளிகளுக்கு லித்தியம் பயன்படுவதை 1949ல் வெளியிட்டார். அவருடைய முதல் நோயாளி ஐந்து ஆண்டுகளாகக் கொந்தளிப்பிலேயே இருந்தவர். 1948ல் லித்தியம் கொடுத்த சில வாரங்களில் அடங்கி, சில மாதங்களில் வீட்டுக்கும் வேலைக்கும் திரும்பினார். அங்கே போனதும் மருந்தைத் தாமாக விட்டுவிட்டார்; நோய் திரும்ப வந்தது. மீண்டும் மருந்து தொடங்கியபோது அது உடலில் மிகுந்து நஞ்சாகி, 1950ல் அவர் இறந்துபோனார். ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து மருந்து கொடுக்கும் வழக்கம் அப்போது இல்லை. மறு ஆண்டே மெல்பர்னில் வேறு ஆய்வாளர்கள், ரத்தத்தில் அளந்து பார்த்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பாதுகாப்பாகக் கொடுத்தார்கள். 1954ல் டென்மார்க்கின் மோகன்ஸ் ஷூ முறையான ஆய்வாக அதை நடத்தினார். 1970ல்தான் அமெரிக்கா அனுமதித்தது. அந்த முதல் நோயாளியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மருந்தை விட்டபோதும் அது மிகுந்தபோதும் உரிய நேரத்தில் அவருக்கு அதைக் காட்டிச் சொல்லும் எண் எதுவும் அன்று இல்லை.

எங்கள் ஊரில் மனநல மருத்துவரை "நரம்பு டாக்டர்" என்றும், அவர் கொடுக்கும் எல்லா மாத்திரைகளையும் "தூக்க மாத்திரை" என்றும் சொல்வார்கள். உள்ளே போனால் ஐந்து நிமிடத்தில் பழைய சீட்டையே திரும்ப எழுதிக் கொடுத்துவிடுவார் என்றும் சொல்வார்கள். அப்படிப்பட்ட இடங்களும் இருக்கின்றன. எனக்கு வாய்த்தவரும் கூட்டம் மிகுந்த நாட்களில் ஏழெட்டு நிமிடங்களுக்கு மேல் கொடுத்ததில்லை. ஆனால் அந்த நிமிடங்களில் மூன்று கேள்விகள் தவறாமல் வரும். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? இரவில் எத்தனை முறை சிறுநீருக்கு எழுந்திருக்கிறீர்கள்? போன முறைக்குப் பிறகு வேறு யாராவது ஏதாவது மாத்திரை கொடுத்தார்களா? பிறகு ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி, ஏதாவது ஒரு வரி எழுதச் சொல்வார். கை நடுக்கத்தை அதில் பார்ப்பார். தேதி போட்டு என் கோப்பில் சேர்த்துக்கொள்வார். கரும்பலகையில் வட்டம் வரையும்போது கோடு நெளிகிறது என்றும், முதல் பெஞ்சுப் பையன் "டீச்சர், உங்க கை ஏன் நடுங்குது?" என்று கேட்டுவிட்டான் என்றும் ஒருமுறை அழுதுகொண்டே சொன்னேன். அவர் அளவை ஒரு மாத்திரை குறைத்து, மூன்று வேளையாக இருந்ததை இரவில் ஒரே வேளையாக மாற்றினார். ஒரு மாதத்தில் வட்டம் ஓரளவு வட்டமானது. நடுக்கத்தைச் சொல்லாமல் மறைத்திருந்தால் நான் மாத்திரையையே வெறுத்திருப்பேன்.

2012ல் எனக்கு உடல் கனத்தது, முடி கொட்டியது, காலையில் எழவே மனம் வரவில்லை. சோர்வு முனைக்குப் போய்விட்டேன் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அம்மா, "இந்த மாத்திரைதான் உன்னை மந்தமாக்குது" என்றார். மருத்துவர் இரண்டையும் கேட்டுவிட்டு, ரத்தப் பரிசோதனையில் தைராய்டை முன்கூட்டியே பார்க்கச் சொன்னார். தைராய்டு குறைந்தால் ஏறும் டிஎஸ்எச் என்ற எண் 11 இருந்தது. லித்தியம் எடுக்கும் பெண்களுக்குத் தைராய்டு குறைவது அடிக்கடி நிகழ்வதுதான் என்றும், 50 மைக்ரோகிராம் தைராக்சின் போதும் என்றும் சொன்னார். சோர்வுக்கு இன்னொரு மருந்தைச் சேர்த்திருந்தால், இருமுனை உள்ளவர்களுக்கு அதுவே எழுச்சியைத் தூண்டிவிடக்கூடும். இரண்டு மாதங்களில் நான் பழையபடி முதல் பேருந்தைப் பிடிக்க ஓடினேன். அந்தப் பக்கத்தில் "தைராய்டு, நான் அல்ல" என்று எழுதியிருக்கிறேன்.

அடுத்த பக்கங்களில் ஐந்து மாதங்களுக்கு எதுவும் எழுதப்படவில்லை. 2013 ஆகஸ்டில் எனக்குத் திருமணம். மாப்பிள்ளை வீட்டில் நோயைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று அம்மா கெஞ்சினார், நானும் ஒத்துக்கொண்டேன். அது இருவரும் செய்த தவறு. மூன்று ஆண்டுகள் நன்றாக இருந்ததால், இனி நோய் இல்லை என்று நம்புவதும் எளிதாக இருந்தது. புது வீட்டில் எங்கே ஒளித்து வைத்து எப்போது போடுவது என்று தெரியாமல், முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினேன். லித்தியத்தை நிறுத்த வேண்டியிருந்தாலும் குறைந்தது நான்கு வாரங்கள், முடிந்தால் மூன்று மாதங்கள் எடுத்துக்கொண்டு இறக்க வேண்டும். திடீரென்று விட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு பெரிதும் கூடும். மருத்துவரிடம் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. கார்த்திகை பிறந்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. மாமியாரின் நகையை அடகு வைத்து ஏழைப் பிள்ளைகளுக்கு டியூஷன் கட்டடம் கட்டப்போவதாகத் தெருவில் நின்று அறிவித்தேன். என் கணவருக்கு அன்றைக்குத்தான் எல்லாம் தெரிந்தது.

அவர் கோபப்பட்டார். கோபப்படுவதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஆனால் மருத்துவமனையிலிருந்து நான் வீடு திரும்பிய பிறகு, என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, தனியாகத் திருநெல்வேலிக்குப் போய் மருத்துவரை ஒரு மணி நேரம் பார்த்தார். இந்த நோய் எப்படி வரும், வரும்முன் என்ன தெரியும், தான் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். முதல் சில மாதங்களில் வீட்டில் நான் சற்று உரக்கப் பேசினாலே, "மாத்திரை போட்டியா?" என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்வி என்னை எவ்வளவு காயப்படுத்தியது என்பதை அடுத்த சந்திப்பில் இருவரும் இருக்கும்போதே சொன்னேன். கோபம் வருவது நோய் அல்ல, நாலு மணி நேரத் தூக்கம் தொடர்ந்து மூன்று நாள் என்றால்தான் கவலைப்பட வேண்டும் என்று மருத்துவர் கோடு போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து வார டப்பாவில் மாத்திரைகளை நான் நிரப்புவது, ஞாயிற்றுக்கிழமை டப்பா காலியா என்று கணவர் பார்ப்பது, இடையில் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஒப்பந்தம். பன்னிரண்டு ஆண்டுகளாக அது நடக்கிறது.

நோட்டில் மிக நெருக்கமாக எழுதப்பட்ட பக்கங்கள் 2016, 2017ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. பிள்ளை வேண்டும் என்று முடிவு செய்தபோது, கருத்தரிப்பதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் போனோம். இதே நோய்க்குத் தரப்படும் இன்னொரு மருந்தான வால்ப்ரோயேட்டை எனக்குத் தொடக்கத்திலேயே கொடுக்காததற்குக் காரணம் இதுதான் என்று அப்போதுதான் சொன்னார். கருவின் முதுகுத்தண்டையும் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கும் அந்த மருந்தை, பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அவர் தவிர்த்துவிடுவார். லித்தியத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. முதல் மூன்று மாதங்களில் கருவின் இதயத்தில் குறை ஏற்படும் வாய்ப்பு சற்றே கூடும்; மாத்திரையின் அளவு கூடினால் அந்த வாய்ப்பும் கூடும். மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதைவிடப் பெரிது. இந்த இரண்டையும் எங்கள் முன் வைத்து, "முடிவு உங்களோடது, எந்த முடிவு எடுத்தாலும் நான் கூட இருப்பேன்" என்றார். குறைந்த அளவில் தொடர்வது என்று தீர்மானித்தோம்.

ஐந்தாவது மாதத்தில் குழந்தையின் இதயத்துக்கான ஸ்கேன் எடுத்தபோது என் கணவர் கண்களை மூடிக்கொண்டு நின்றிருந்தார். குறை எதுவும் இல்லை. கர்ப்பத்தில் சிறுநீரகம் வேகமாக வேலை செய்து லித்தியத்தை வெளியே தள்ளிவிடும் என்பதால், மாதம் ஒருமுறை எடுத்த ரத்தத்தில் எண் இறங்கிக்கொண்டே வந்தது: 0.6, 0.5, 0.4. அளவை ஏற்றினார். கடைசி மாதம் வாரந்தோறும் பரிசோதனை. வலி எடுத்ததும் மாத்திரையை நிறுத்த வேண்டும், பிரசவம் முடிந்து எண்ணைப் பார்த்துவிட்டுப் பழைய அளவில் தொடங்க வேண்டும் என்று மகப்பேறு மருத்துவருக்குக் கைப்பட எழுதிக் கொடுத்தார். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள்தான் என்னைப் போன்றவர்களுக்கு மிக ஆபத்தான காலம். தாய்ப்பாலில் லித்தியம் கலக்கும், இரவு கண்விழித்தால் நோயும் தூண்டப்படும் என்பதால் புட்டிப்பால் கொடுப்பது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். வந்து பார்த்த உறவுகள் அதற்காக என்னைப் பேசிய பேச்சை எழுத மாட்டேன். இரவுப் பால் முழுவதையும் மாமியார் ஏற்றுக்கொண்டார். அடகு வைக்கப் பார்த்த அதே நகையை விற்றுத்தான் மருத்துவமனைச் செலவில் பாதியைக் கட்டினார் என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நோட்டில் சிவப்பு மையில் எழுதிய எண் ஒன்று இருக்கிறது: 1.9. தேதி 2019 மே மாதத்தில், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த நேரம். தங்கையின் வீட்டு விசேஷத்துக்கு மூன்று நாள் நின்று வேலை பார்த்ததில் முழங்கால் வீங்கியது. மருந்துக்கடையில் வலி மாத்திரை கேட்டேன்; டைக்ளோஃபெனாக் ஐந்து நாளுக்குக் கொடுத்தார்கள். நான் லித்தியம் எடுப்பதைச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், ரத்த அழுத்தம் கொஞ்சம் இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சாப்பாட்டில் உப்பை வெகுவாகக் குறைத்திருந்தேன். நான்காம் நாள் வயிற்றுப்போக்கு. ஐந்தாம் நாள் கால் பின்னியது, நாக்கு தடித்தது, கை நடுக்கத்தில் தண்ணீர் டம்ளர் வாய்க்கு வரவில்லை. அருகில் இருந்த ஒரு மருத்துவமனையில் வெயில் மயக்கம் என்று சொல்லி அனுப்பப் பார்த்தார்கள். என் கணவர் திருநெல்வேலிக்குப் போன் செய்தார். மருத்துவர் இரண்டே கேள்விகள்தான் கேட்டார்: "வலி மாத்திரை எதுவும் போட்டாங்களா? வயித்தால போகுதா?" உடனே லித்தியத்தை நிறுத்தச் சொல்லி, அளவைப் பார்க்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அந்த நிமிடமே கிளம்பச் சொன்னார். நான்கு நாட்கள் நரம்பு வழியே உப்புநீர் ஏற்றினார்கள்.

என்ன நடந்தது என்பதைப் பிறகு அவர் படம் வரைந்து காட்டினார். சிறுநீரகத்துக்கு லித்தியத்துக்கும் சாதாரண உப்பில் உள்ள சோடியத்துக்கும் அவ்வளவாக வேறுபாடு தெரியாது. வியர்வையிலும் வயிற்றுப்போக்கிலும் சோடியம் குறைந்தால், அது சோடியத்தைப் பிடித்து வைக்கத் தொடங்கும். லித்தியத்தையும் சேர்த்தே பிடித்து வைத்துவிடும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் லித்தியம் வெளியேறுவதைக் குறைத்துவிடும். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளுக்கும் இதே தன்மை உண்டு. வலி என்றால் பாராசிட்டமால் மட்டும், உப்பைத் திடீரெனக் குறைக்கவும் கூடாது கூட்டவும் கூடாது, வாந்தி பேதி வந்தால் தமக்குப் போன் செய்யாமல் அன்றைய லித்தியத்தைப் போடக் கூடாது. இந்த மூன்றையும் தமிழில் எழுதிக் கையொப்பமிட்ட ஒரு சிறிய அட்டையை எனக்கு அவர் 2010லேயே கொடுத்திருந்தார். அது பீரோவில் இருந்தது. இப்போது பணப்பையில் இருக்கிறது. எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் முதலில் அதை நீட்டிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.

அதே ஆண்டின் கடைசியில் இன்னோர் அதிர்ச்சி: முடிவில் 2.8 என்று வந்தது. நானோ நன்றாக நடமாடிக்கொண்டிருந்தேன். வீடே நடுங்கிப்போனது. மருத்துவர் போனில், "ரத்தம் எடுத்த குழாயோட மூடி என்ன நிறம்?" என்று கேட்டார். பச்சை. அந்தக் குழாய்களில் ரத்தம் உறையாமல் இருக்கத் தடவப்படும் ஹெப்பாரின், பல நேரங்களில் லித்தியம் உப்பாகவே இருக்கும். அது ரத்தத்தில் கலந்து எண்ணைப் பொய்யாக ஏற்றிவிடும். அடுத்த நாள் சிவப்பு மூடிக் குழாயில் எடுத்தபோது 0.7. லித்தியம் எடுப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால், இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2020ல் ஊரடங்கு வந்தபோது தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்கு இருக்கும் 50 கிலோமீட்டர், கடல் கடந்த தூரமாக மாறியது. அந்த மார்ச் 25ஆம் தேதி மத்திய அரசு தொலைமருத்துவத்துக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது எனக்கு நேரடியாக உதவியது. ரத்தத்தை இங்கே கொடுத்து, முடிவைப் படமெடுத்து அனுப்பி, கைப்பேசித் திரையில் அவரைப் பார்த்தேன். அப்போதும் ஒரு வரி எழுதிக் கேமராவுக்கு முன் காட்டச் சொன்னார்.

2022ல் அவர் பணியை நிறுத்திக்கொள்ளப்போவதாக ஆறு மாதங்களுக்கு முன்பே சொன்னார். நான் சிறுபிள்ளைபோல அழுதேன். அவர் என்னைப் பற்றி இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை எழுதி, அதை எனக்கே முதலில் படிக்கக் கொடுத்தார். எந்த ஆண்டு எந்த அளவு, எது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, என் நோய் வரும்முன் காட்டும் முதல் அடையாளம் இரவு எழுந்து எழுதத் தொடங்குவது, என் கணவரை எப்போதும் கலந்து பேச நான் அனுமதித்திருப்பது எல்லாம் அதில் இருந்தன. புதியவர் என்னைவிட வயதில் இளைய பெண். முதல் சந்திப்பில் அந்தக் கடிதத்தையும் என் நோட்டையும் முழுவதும் படித்த பிறகே பேசினார். "இதுல 2013ல அஞ்சு மாசம் இல்லையே டீச்சர்?" என்று அவர் கேட்டதும், இவரிடமும் பேசலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அவர்தான் எனக்கு மனநலப் பராமரிப்புச் சட்டம் பற்றிச் சொன்னார். 2017ல் நிறைவேறி 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், நான் தெளிவாக இருக்கும்போதே, பின்னால் தெளிவிழந்தால் எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், என் சார்பில் முடிவெடுப்பவர் யார் என்பதை எழுதி வைக்கும் உரிமையைத் தருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் உட்கார்ந்து அதை எழுதினோம். என்னைக் கட்டிப்போடக் கூடாது என்பது முதல் வரி. அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது அவர் எதுவும் பேசாமல் என் தலையைத் தடவினார்.

எனக்கு வாய்த்ததுபோல எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதை நன்றாக அறிவேன். எங்கள் பள்ளியின் துப்புரவுப் பணியாளர் ஒருவரின் மகனுக்கு இதே நோய். அவனுக்கு ஒவ்வொரு முறையும் வேறொரு மருத்துவர், பழைய சீட்டைக் காட்டிக் கடையிலேயே மாத்திரை, ஆண்டுக்கணக்கில் ரத்தப் பரிசோதனையே இல்லை. 1996ல் தொடங்கப்பட்ட மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியே அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கவும் மருந்துகளை இலவசமாகப் பெறவும் முடியும் என்பதே அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் உதவி எண்ணான 14416ஐ என் போனிலிருந்துதான் முதலில் அழைத்தோம். அவனுக்கும் ஒரு 80 பக்க நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் கட்டம் போட்டுக் கொடுத்ததைத் தவிர வேறெதுவும் நான் எழுதவில்லை. அதை நிரப்ப வேண்டியவர்கள் அவனும் அவனுடைய மருத்துவரும்.

இப்போது எனக்கு 41 வயது. கிரியாட்டினின் 2010ல் 0.7 இருந்தது, இந்த ஆண்டு 1.1. சிறுநீரகம் வடிகட்டும் திறன் 65க்கு இறங்கியிருக்கிறது. பல ஆண்டுகள் லித்தியம் எடுப்பவர்களில் சிலருக்கு இப்படி ஆகும். என் உயிரைக் காத்த மருந்து என் சிறுநீரகத்தைத் தேய்க்கிறதா என்று கேட்டேன். "இருக்கலாம். ஆனா இன்னைக்கே நிறுத்துற அளவுக்கு இல்லை" என்றார் மருத்துவர். மாற்று மருந்துகள் என்ன, அவற்றில் எனக்கு எது பொருந்தும், மாற்றினால் நோய் திரும்பும் வாய்ப்பு எவ்வளவு, சிறுநீரக மருத்துவரின் கருத்தை எப்போது கேட்பது என்று நாற்பது நிமிடங்கள் பேசினோம். இப்போதைக்கு எண்ணை 0.6க்கு அருகில் வைத்துக்கொள்வது, மூன்று மாதத்துக்குப் பதில் இரண்டு மாதத்தில் ரத்தம் எடுப்பது, திறன் 60க்குக் கீழே போனால் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுப்பது என்று நிறுத்தியிருக்கிறோம். பயம் இருக்கிறது. அதை அவரிடமும் சொன்னேன்.

எழுந்தபோது அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். பழைய மருத்துவரின் கடிதத்தில் அதுவும் இருந்திருக்கிறது. என் மகளின் பெயரையும் அவள் படிக்கும் வகுப்பையும் எழுதிக் கொடுத்தேன். தேதி போட்டுக் கோப்பில் வைத்துவிட்டு, அடுத்த முறை எப்போது என்று நாட்காட்டியைப் புரட்டினார். நோட்டில் அந்தத் தேதியை எழுதி, அதற்கு முந்தைய நாளின் பக்கத்தில் இரவு 8 மணி என்று குறித்துக்கொண்டு, கணவரோடு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.